காடும் கருப்பொருளும்

தமிழாசிரியர் பலரும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் மாணவர்க்குக் கொடுக்கும் கட்டுரைத் தலைப்புகளுள் 'காடுகளைக் காப்போம்' என்பதும் ஒன்று. அண்மையில் அத்தகைய கட்டுரைகள் ஒரு கட்டு என்னிடம் திருத்தத்திற்கு வந்தன. பிழை குறைந்த, ஒழுங்கான கட்டுரைகள் அவை. காடு மழையைத் தரும்; மண்ணரிப்பைத் தடுக்கும்; புலிக்கும் யானைக்கும் புகலிடமாகும்; ஆதலின் அரசாங்கம் காடுகளை வரையறுத்துக் காத்தல் வேண்டும் என்று ஏறக்குறைய எல்லாக் கட்டுரைகளும் முடிந்தன. மாணவர் எழுதியவற்றுள் பொய் ஒன்றும் இல்லை. ஆயினும் முப்பதுக்கும் மேற்பட்ட அக்கட்டுரைகளில் ஒன்றிலேனும் காட்டில் வாழும் மனிதன் ஒருவனைக் கண்டேனில்லை. சிலவற்றில் மனிதன் வந்தான். அவனும் மரம் திருடுபவனாகவோ விலங்கைக் கொல்லும் கள்ளனாகவோ வந்தான்.

பிள்ளைகளைக் குறை கூறிப் பயனில்லை. நாம் கற்பித்ததையே அவர்கள் எழுதினர். காடு என்றால் ஆளில்லாத இடம், ஆள் புகுந்தால் அது கெட்டுவிடும் என்னும் எண்ணம் நம் எழுத்தில் ஊறிக் கிடக்கிறது. உலகின் பல நாடுகளில் காப்பகங்களையும் தேசியப் பூங்காக்களையும் அமைத்த சட்டங்களின் அடிப்படையிலும் இதே எண்ணம்தான் உள்ளது. இவ்வெண்ணம் எந்த அளவிற்குச் சரி என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு அளவுகோலாக முதலில் நம் இலக்கணத்தையே எடுத்துக்கொள்வோம்.

இலக்கணம் கண்ட காடு

தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் நிலத்தைப் பாகுபடுத்திய முறையை நாம் ஆண்டுதோறும் கற்பிக்கின்றோம். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் தோன்றி நிற்பன கருப்பொருள். மக்களின் அக ஒழுக்கம் உரிப்பொருள். கருப்பொருள் யாவை என்று கேட்டால் மாணவர் விரல் விட்டு எண்ணிச் சொல்வர்: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று. தேர்வில் அட்டவணை போட்டு மதிப்பெண்ணும் பெறுவர்.

இவ்வரிசையில் மரத்தோடும் பறவையோடும் ஒரே நிரலில் 'தொழில்' நிற்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை. குறிஞ்சி நிலத்திற்குப் புலியும் கரடியும் எவ்வாறு கருப்பொருளோ, அவ்வாறே தேன் எடுத்தலும் கிழங்கு அகழ்தலும் தினைப்புனம் காத்தலும் கருப்பொருள்களாம். மலையில் வேங்கை மரம் இல்லையென்றால் அது குறிஞ்சி ஆகாது என்று சொல்லத் துணிவோமானால், கிழங்கு அகழும் குறவர் இல்லையென்றாலும் அது குறிஞ்சி ஆகாது என்றே சொல்லுதல் வேண்டும். மனிதனின் உழைப்பை நிலத்தின் உறுப்புகளுள் ஒன்றாக வைத்தெண்ணியது அந்நூல்.

இன்னொரு சான்று காண்போம். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பெயர்கள் அடுக்கி வருவதைத் தமிழுலகம் வியந்து போற்றுகிறது. வகுப்பில் அதனைப் பெரும்பாலும் புலவரின் நினைவாற்றலுக்குச் சான்றாகவே காட்டிவிட்டு அமைகிறோம். அம்மலர்களைப் பறிப்போர் யார்? தினைப்புனம் காக்கப் போன்ற தலைவியும் தோழியும். கிளியை ஓட்டியும் அருவியில் ஆடியும் பொழுது போக்கிய மகளிரின் வாயிலாகவே அப்பட்டியல் நமக்குக் கிடைக்கிறது. அங்கே வேலை செய்து வாழ்ந்தவர்களுக்குத்தான் அம்மலைப் பூக்களின் பெயர் தெரிந்திருந்தது என்பதைப் பாட்டின் அமைப்பே உணர்த்துகிறது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். திணைப் பாகுபாடு செய்யுள் மரபேயன்றி நில நூலன்று. குறவர் காட்டைச் சுட்டு அவ்விடத்தில் தினை விதைத்தமையையும் அதே இலக்கியம் கூறுகின்றது. பழங்காலத்தார் யாவரும் காட்டைத் தெய்வமாகப் போற்றிச் சிறிதும் ஊறு செய்யாது வாழ்ந்தனர் என்று மேடையில் முழங்குவது எளிது, அது மெய்யாகாது. நான் சொல்ல வருவது இவ்வளவே: காட்டை எண்ணும்போது அங்குள்ள மக்களை எண்ணாமல் விடும் பிழையை நம் முன்னோர் செய்யவில்லை.

வேட்டையாடியோர் வகுத்த காவல்

அப்பிழை எங்கிருந்து வந்தது? 1872ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் யெல்லோஸ்டோன் என்னும் பெரும் நிலப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. உலகத்துப் பூங்காக்களுக்கு அதுவே முன்மாதிரி என்பர். அந்நிலம் ஆளற்ற நிலமன்று. ஷோஷோனி இனத்தாரில் ஒரு பிரிவினர் அம்மலைகளிலேயே வாழ்ந்தனர்; வேறு பல பழங்குடியினர் வேட்டைக்காக அங்கு வந்து போயினர். அடுத்த சில ஆண்டுகளுள் அவர்கள் வெளியேற்றப்பட்டனர். ஆட்களை அகற்றிய பின்னர் அந்நிலத்திற்கு 'மனிதன் கைபடாத இயற்கை' என்று பெயர் வழங்கிற்று.

ஆசிய நாடுகளில் இக்கருத்தைப் பரப்பியவர்களுள் பலர் வேட்டைக்காரர்கள் என்பதும் நோக்கத்தக்கது. இந்தியாவில் பரத்பூர் நீர்நிலையில் 1938ஆம் ஆண்டு நவம்பர் மாதம், அரசப் பிரதிநிதி லின்லித்கோ பிரபுவின் வருகையை ஒட்டி நடந்த வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் சுட்டு வீழ்த்தப்பட்டன. அந்த எண்ணிக்கையைக் கல்லில் பொறித்தும் வைத்தனர். பிற்காலத்தில் அதே இடம் பறவைகளின் காப்பகமாயிற்று. மலாயாவில் காட்டு விலங்குகளுக்காகப் பெரிதும் போராடிய தியோடர் ஹப்பேக் என்பவரும் முதலில் யானை வேட்டையாலும் காட்டெருமை வேட்டையாலும் பெயர் பெற்றவரே. பின்னர் மனம் மாறி, மலாயாவின் வனவிலங்கு ஆணையத்தை நடத்தி 1932இல் விரிவான அறிக்கையும் வெளியிட்டார்.

இவர்கள் செய்த நற்பணியை நான் மறுக்கவில்லை. ஆயினும் வேட்டைக்காரன் காட்டைப் பார்க்கும் பார்வை தனி. அவனுக்குக் காட்டில் முதன்மையானவை இரண்டு: தன் துப்பாக்கியும் தன் இலக்காகிய விலங்கும். துப்பாக்கியைக் கீழே வைத்த பின்னும் அப்பார்வை மாறிவிடுவதில்லை. அங்கே கிழங்கு தோண்டுபவனும் மாடு மேய்ப்பவனும் அவன் கண்ணுக்கு இடையூறாகவே தோன்றினர் என்பது என் கருத்து.

பரத்பூர் கற்பித்த பாடம்

ஆட்களை அகற்றினால் இயற்கை தானே செழிக்கும் என்னும் கொள்கைக்கு மேற்சொன்ன பரத்பூரே ஒரு சோதனைக் களமாயிற்று. அதன் பரப்பு ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர். அது முழுதும் இயற்கையாக அமைந்த ஏரியன்று. கரை கட்டி, மதகு வைத்து, மனிதர் நீர் தேக்கிய இடம். சுற்றியுள்ள சிற்றூர் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் ஆநிரைகளையும் எருமைகளையும் அங்கே மேய்த்து வந்தனர்.

1980களின் தொடக்கத்தில் அது தேசியப் பூங்காவாக்கப்பட்டது. எருமைகள் புல்லை மேய்ந்து பறவைகளின் வாழிடத்தைக் கெடுக்கின்றன என்பது அறிஞர்களின் எண்ணம். பறவையியல் மேதை சாலிம் அலியும் மேய்ச்சலை நிறுத்தவேண்டும் என்ற கருத்தினரே. 1982 நவம்பரில் மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. சிற்றூர் மக்கள் எதிர்த்தெழுந்தனர். காவலர் துப்பாக்கிச் சூடு நடத்தினர், உயிர்கள் போயின. பறவைகளைக் காக்க வகுத்த சட்டத்தால் மனிதர் மாண்டனர்.

அதன் பின் நிகழ்ந்தது யாது? எருமைகள் மேயாமையால் நீரில் ஒருவகைப் புல் தடையின்றிப் பெருகி, பாய் விரித்தாற்போல் நீர்ப்பரப்பை மூடிற்று. வாத்துகளும் பிற நீர்ப்பறவைகளும் இறங்கி இரை தேடத் திறந்த நீர் குறைந்தது. சாலிம் அலி சார்ந்திருந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமே பத்தாண்டுகள் அந்நிலத்தை ஆராய்ந்து 1991இல் தன் முடிவை வெளியிட்டது. மேய்ச்சலை நிறுத்தியது அந்நீர்நிலைக்குக் கேடாயிற்று; எருமையின் வாய் செய்து வந்த வேலை அங்கே தேவையானது என்பதே அம்முடிவின் சாரம். தான் முன்பு கொண்ட கருத்துக்கு மாறான உண்மையைக் கண்டபோது அதனை ஒளிக்காமல் வெளியிட்ட அந்தக் கழகத்தின் நேர்மை பாராட்டற்குரியது. பின்னர்ச் சிற்றூர் மக்கள் உள்ளே சென்று புல் அறுத்துக்கொள்ள இடமளிக்கப்பட்டது.

இதனைக் கொண்டு எங்கும் மாடு மேய்ப்பது நல்லது என்று முடிவு கட்டலாகாது. பரத்பூருக்கு ஆண்டுதோறும் வந்து கொண்டிருந்த சைபீரியப் பெருங்கொக்குகள் 2002க்குப் பின் வராமல் போனமைக்குப் புல் மட்டும் காரணமன்று. அவை பறந்து வரும் நெடுவழியில் நேர்ந்த வேட்டையும் பிற இடர்களும் உண்டு. ஆனால் ஒன்று தெளிவு. அங்கே எருமை மேய்த்தலும் நிலத்தின் கருப்பொருள்களுள் ஒன்றாய் இருந்தது. பட்டியலிலிருந்து அந்த ஒன்றை நீக்கியதும் ஏனையவையும் நிலைகுலைந்தன.

தாமான் நெகாரா தந்ததும் தராததும்

இனி நம் வாசலுக்கு வருவோம். பகாங், கிளந்தான், திரங்கானு ஆகிய மூன்று மாநிலங்களிலும் பரந்து கிடக்கும் தாமான் நெகாராவைக் காணாத ஆசிரியர் குறைவு. 1925இல் குனோங் தகான் மலையைச் சூழ்ந்த பகுதி வனவிலங்குக் காப்பகமாயிற்று. 1938, 1939ஆம் ஆண்டுகளில் மூன்று மாநிலங்களும் சட்டம் இயற்ற, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தேசியப் பூங்கா தோன்றியது. விடுதலைக்குப் பின் அதுவே தாமான் நெகாரா ஆயிற்று. அதன் பரப்பு 4,343 சதுர கிலோமீட்டர்.

இதனால் விளைந்த நன்மையை முதலில் ஒப்புக்கொள்ளுதல் முறை. 1956இல் பெல்டா தோன்றிய பின், தீபகற்பத்தின் தாழ்நிலக் காடுகள் பல பல்லாயிரம் ஏக்கர் அளவில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களாயின. பூங்காவின் எல்லை வரையில் தோட்டங்கள் வந்து நின்றுவிட்டன, எல்லைக்குள் புகவில்லை. தெம்பெலிங் ஆற்றில் அணை கட்டிப் பூங்காவின் ஒரு பகுதியை மூழ்கடிக்கும் திட்டம் 1970களில் எழுந்தபோதும், இயற்கை ஆர்வலரின் எதிர்ப்பினால் இறுதியில் அது கைவிடப்பட்டது. சட்டம் என்னும் அரண் இல்லாதிருந்தால் அக்காட்டை இன்று நாம் படத்தில்தான் பார்ப்போம்.

அக்காட்டில் பாத்தேக் என்னும் மக்கள் வாழ்கின்றனர். ஓராங் அஸ்லி எனப்படும் பூர்வகுடியினருள் அவர்கள் ஒரு பிரிவினர். காட்டுக் கிழங்கு அகழ்ந்தும், தேன் எடுத்தும், நச்சு அம்பை நீண்ட குழலில் வைத்து ஊதி வேட்டையாடியும், பிரம்பும் அகிலும் தேடி எடுத்து வெளியாருடன் பண்டமாற்றுச் செய்தும், இடம் பெயர்ந்து பெயர்ந்து வாழ்ந்தவர்கள். குறிஞ்சிக்குரிய மரங்களுள் அகிலையும் நம் இலக்கண நூலார் வைத்திருப்பதை ஈண்டு நினைவு கூரலாம்.

யெல்லோஸ்டோனில் நடந்தது போல் பாத்தேக் மக்கள் முற்றாக வெளியேற்றப்படவில்லை. இன்றும் பூங்காவினுள் குடில் அமைத்து வாழ்வோர் உளர். மேலும், லெபிர் ஆற்றுப் பக்கத்துக் காடுகள் வெட்டப்பட்டுத் தோட்டங்களானபோது, அவர்களிற் பலருக்குப் பூங்காவே இறுதிப் புகலிடமாயிற்று. அவ்வகையில் அது அவர்களையும் காத்தது.

ஆனால் எந்த முறையில் காத்தது என்பதே கேள்வி. அந்நிலம் அவர்களுடையது என்று சட்டம் சொல்லவில்லை. அவர்கள் அங்கிருப்பது இசைவினால், உரிமையினால் அன்று. வனவிலங்குச் சட்டமும் பூர்வகுடியினர் குறிப்பிட்ட சில விலங்குகளைத் தம் உணவுக்காக மட்டும் வேட்டையாடலாம் என்று விலக்கு அளிக்கிறது. அதுவும் ஓர் இசைவே. 1954ஆம் ஆண்டின் பூர்வகுடியினர் சட்டத்தின்படி மாநில அரசு ஒரு நிலத்தை அவர்களுக்கென ஒதுக்கலாம். ஒதுக்கியதைத் திரும்பப் பெறவும் செய்யலாம். சிலாங்கூரில் விமான நிலைய நெடுஞ்சாலைக்காகத் தெமுவான் மக்களின் நிலம் எடுக்கப்பட்ட வழக்கில், வழிவழி வாழ்ந்த நிலத்தின்மேல் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2002இல் உயர்நீதிமன்றமும் 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. நீதிமன்றம் ஏறி இறங்கித்தான் அதனைப் பெற முடிந்தது.

இசைவில் வாழும் வாழ்வு எத்துணை மெலிந்தது என்பதை 2019ஆம் ஆண்டு காட்டியது. பூங்காவின் கிளந்தான் வாயிலுக்கு அருகிலுள்ள கோலா கோ என்னும் பாத்தேக் குடியிருப்பில், அவ்வாண்டு மே, ஜூன் மாதங்களில் பத்துப் பேருக்கு மேல் அடுத்தடுத்து மாண்டனர். நோய் தட்டம்மை என்று பின்னர் உறுதியாயிற்று. தடுப்பூசி உள்ள நோய்க்கு இந்தக் காலத்தில் ஒரு சிற்றூர் பலியாயிற்று. ஒரு பக்கம் பூங்கா. மற்றப் பக்கங்களில் எண்ணெய்ப்பனை. காட்டைக் காக்கும் துறைக்கு அங்குள்ள புலியின் கணக்குத் தெரியும். தோட்டத்திற்கு மரத்தின் கணக்குத் தெரியும். அம்மக்களின் பிள்ளைகளுள் யாருக்கு ஊசி போடவில்லை என்ற கணக்கு மட்டும் எவர் கையிலும் சரியாக இருக்கவில்லை.

கிழங்கைப் பற்றிய வழக்கு

பாத்தேக் மக்களைக் குறித்து ஆராய்ச்சியாளரிடையே நிகழ்ந்த ஒரு சொற்போர் தமிழ் கற்றோர்க்குச் சுவை தருவதாகும். 1980களின் இறுதியில் மேல்நாட்டு அறிஞர் சிலர் ஓர் ஐயத்தை எழுப்பினர். வெப்பமண்டல மழைக்காட்டில் பயிரிட்ட உணவு சிறிதும் இன்றி, காட்டு விளைவை மட்டும் கொண்டு மனிதர் வாழ முடியுமா? முடியாது, அருகில் உழவர் இருந்தால்தான் காட்டுவாசி வாழ இயலும் என்றனர். இது வெறும் ஏட்டு வழக்கன்று. அது மெய்யானால், மழைக்காட்டின் பழங்குடிகள் அங்கே பிற்காலத்தில் வந்தேறியவர்கள் என்று ஆகிவிடும்; அந்நிலத்தோடு அவர்களுக்குள்ள உறவும் மெலிந்துவிடும்.

பாத்தேக் மக்களுடன் 1970கள் முதல் தங்கி ஆராய்ந்த கெர்க் எண்டிகாட், தொல்பொருள் அறிஞர் பீட்டர் பெல்வுட்டுடன் சேர்ந்து 1991இல் இதற்கு மறுப்பு எழுதினார். பாத்தேக் மக்கள் உண்ணும் காட்டுக் கிழங்கு முதலியவற்றைக் கணக்கிட்டு, பயிர்த்தொழில் இன்றியும் அக்காடு அவர்களுக்கு உணவூட்ட வல்லது என்று காட்டினார்.

இதனைப் படித்தபோது என் நினைவு பறம்பு மலைக்குச் சென்றது. மூவேந்தரும் பாரியின் மலையை முற்றியபோது கபிலர் அவர்களை நோக்கிக் கூறியதாக ஒரு புறப்பாட்டு உண்டு. உழாமலே விளையும் உணவு நான்கு அம்மலையில் உள. மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என்பன அவை. ஆதலின் நீவிர் எத்துணை நாள் முற்றினும் அதனைப் பட்டினியால் வெல்ல இயலாது என்பது அப்பாட்டின் கருத்து. பாத்தேக் மக்கள் அகழும் கிழங்கும் நம் வள்ளிக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்ததே. கபிலர் பாட்டில் புலவர்க்குரிய உயர்வு நவிற்சி உண்டு. அதனை ஆராய்ச்சிச் சான்றாகக் காட்டுவது தவறு. ஆனால் 'காடு தன் மக்களுக்குச் சோறிடும்' என்னும் உண்மையை உணர்ந்துகொள்ள நமக்கு மேல்நாட்டு நூல் மட்டுமே வழியன்று என்பதற்கு அப்பாட்டு சான்றாகும்.

பாத்தேக் மக்களைப் பற்றி நூல் எழுதிய மலேசிய ஆய்வாளர் லாய் டக் போ, காட்டைக் காக்கும் பொறுப்புத் தங்களுடையது என்றே அம்மக்கள் எண்ணுகின்றனர் என்று விளக்குகிறார். சட்டத்தின் கண்ணில் அவர்கள் காப்பகத்தில் தங்க இசைவு பெற்றவர்கள். தம் கண்ணில் அவர்களே காவலர். இவ்விரு பார்வைக்கும் இடையே உள்ள தொலைவுதான் இந்தச் சிக்கல் முழுவதும்.

நம் பெருமையும் நம் கடனும்

இவ்வளவும் பிறர் செய்த பிழை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. 'காடாய்க் கிடந்த நாட்டைக் கழனியாக்கினோம்' என்பது இந்நாட்டுத் தமிழர் மேடைதோறும் சொல்லும் பெருமை. அதில் உண்மை உண்டு. 1877இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்திற்கு வந்த 22 ரப்பர்க் கன்றுகள் ஒரு பெருந்தொழிலாக வளர்ந்ததற்கு நம் முன்னோரின் வியர்வை காரணம். பெருமரம் வீழ்த்தும் வேலை பல தோட்டங்களில் பிற இன ஒப்பந்தக்காரர்களிடம் இருந்தது. எரிந்த நிலத்தைத் துப்புரவாக்கி, கன்று நட்டு, களை எடுத்து, பால்மரம் சீவியவர்கள் நம்மவர்கள். புதிதாகத் திருத்திய நிலங்களில் மலேரியாவுக்கு இரையானவர்களும் அவர்களே. அவர்கள் தம் விருப்பத்தால் காட்டை அழித்தவர்கள் அல்லர். நிலமும் அவர்களுடையது அன்று. அவர்கள்மேல் பழி சுமத்துவது அறமாகாது.

ஆனால் பெருமையைச் சொல்லும் நாம், அந்தக் காட்டில் அப்போது யார் இருந்தார் என்று கேட்டதுண்டா? சிலாங்கூர் மலையடிவாரத்தில் தெமுவான் மக்கள் இருந்தனர். பேராக்கில் செமாய் மக்கள் இருந்தனர். 'காடாய்க் கிடந்தது' என்ற நம் சொற்றொடரில் அவர்களுக்கு இடமில்லை. பூங்காச் சட்டம் எந்த வெற்றிடத்தைக் கற்பனை செய்ததோ, அதே வெற்றிடத்தை நம் பெருமையும் கற்பனை செய்கிறது. ஒன்று காக்க வந்தது. மற்றொன்று திருத்த வந்தது. இரண்டும் ஆளைக் காணவில்லை.

ஆண்டுகளும் இதில் ஒத்து வருகின்றன. மலாயாவுக்கு உதவி பெற்றுத் தொழிலாளர் வருவதை இந்திய அரசு 1938 ஜூனில் தடை செய்தது. அக்காலத்தில்தான் பூங்காச் சட்டமும் இயற்றப்பட்டது. தோட்டத்திற்கு ஆள் சேர்த்த காலம் முடிய, எஞ்சிய காட்டுக்கு எல்லை வரையும் காலம் தொடங்கிற்று.

மேலும், இசைவில் வாழ்வது எத்தகையது என்பதை நம்மைவிட நன்கு அறிந்தவர் யார்? மூன்று தலைமுறை வாழ்ந்த லயத்து வீடு தோட்டம் கைமாறியதும் தனதன்று என்று ஆனதை எத்தனை தமிழ்க் குடும்பங்கள் கண்டன! கோயில் இருந்தது, பள்ளி இருந்தது, சுடுகாடும் இருந்தது. நிலப்பட்டா மட்டும் இல்லை. அந்த வேதனையைக் கதையாகவும் கவிதையாகவும் பாடிய நம் எழுத்தாளர், அதே வேதனையைக் காட்டுக்குள் காணும் மக்களைப் பற்றி எழுதியது சிறிதே. இது நம் இலக்கியத்தின் குறை என்றே கருதுகிறேன்.

செய்யத் தக்கது

காவற்காடுகள் வேண்டா என்பது என் முடிவு அன்று. மலேசியக் காடுகளில் எஞ்சிய புலிகள் 150க்கும் குறைவு என்று 2022இல் கணிக்கப்பட்டது. எண்பது ஆண்டுகளுக்கு மேல் சட்டம் இருந்தும் வெளியிலிருந்து வரும் கள்ள வேட்டையாளரின் சுருக்குக் கயிறுகளை அச்சட்டத்தால் மட்டும் அறுக்க முடியவில்லை. அதனால்தான் அண்மை ஆண்டுகளில் முன்னாள் படைவீரரோடு ஓராங் அஸ்லி மக்களையும் வனக்காவலில் அரசு சேர்த்துள்ளது. கயிறு கட்டியவனின் காலடியைக் கண்டறியக் காட்டில் பிறந்தவன் கண்ணே வேண்டும் என்பது தெளிந்துவிட்டது. அக்கண்ணுக்குக் கூலி கொடுப்பது நன்று. அந்தக் கண்ணுடையான் நிற்கும் நிலத்தில் அவனுக்கு உரிமை கொடுப்பது அதனினும் நன்று.

2022 இறுதியில் மாந்த்ரியலில் கூடிய உலக நாடுகள், 2030க்குள் நிலத்திலும் கடலிலும் 100க்கு 30 பங்கைக் காத்தல் என்று உடன்பட்டன. பூர்வகுடியினரின் உரிமையை மதித்தே அது செய்யப்படல் வேண்டும் என்றும் அவ்வுடன்பாடு கூறுகிறது. எனவே இனி வரையப்படும் காப்பக எல்லைகள் பல. அவ்வெல்லைக்குள் வாழ்வோரை எண்ணிக்கையில் சேர்ப்பதா, நீக்குவதா என்பது நம் மாணவர் வளர்ந்து வாக்களிக்கும் காலத்தில் முடிவாகும்.

ஆகலின் தமிழாசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை 'காடுகளைக் காப்போம்' என்ற தலைப்பைக் கொடுக்கும்போது, கருப்பொருள் அட்டவணையையும் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். மரமும் விலங்கும் பறவையும் எழுதிய மாணவனிடம், 'தொழில் என்ற கட்டம் காலியாக இருக்கிறதே. அங்கே யார் வாழ்கிறார், என்ன செய்கிறார்?' என்று கேளுங்கள். அவன் விடை தேடிப் போகட்டும். குறிஞ்சிப்பாட்டின் 99 மலர்களையும் தவறின்றி ஒப்பிக்கும் பிள்ளைக்கு, நம் நாட்டுக் காட்டுப் பூக்களின் பெயர் அறிந்த மக்கள் இன்றும் தெம்பெலிங் ஆற்றங்கரையில் வாழ்கிறார்கள் என்பதும் தெரிந்திருத்தல் வேண்டும்.